தலைமையாசிரியையின் மடல்: பங்கு கேட்க வேண்டிய கணக்கு



மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் நாம் அதிகம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு நிகழ்ச்சி உண்டு. இருவர் இருவராக அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்புகிறார்கள். வந்ததும் முதல் வேலையாக, தாங்கள் என்னென்ன செய்தோம், என்னென்ன கற்பித்தோம் என்பதை ஆண்டவரிடம் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்கிறார்கள் (மாற் 6:30). பவுலும் பர்னபாவும் தங்கள் முதல் பயணத்தை முடித்து அந்தியோக்கியா திரும்பியபோதும், தங்களை அனுப்பிய சபையைக் கூட்டி நடந்தவற்றை அறிவித்தார்கள் (திப 14:27). அனுப்பப்பட்டவர் அனுப்பியவரிடம் வந்து கணக்குச் சொல்வது தொடக்கம் முதலே திருச்சபையின் வழக்கம்.

நம் பங்குப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் பங்கு மக்களுக்கு எழுதும் மடலும் இந்த வழக்கத்தைச் சேர்ந்ததே. சில பங்குகளில் அது மாதம் ஒருமுறை பங்கு மடலில் அச்சாகிறது. சில பங்குகளில் முதல் ஞாயிறு திருப்பலி முடிவில் வாசிக்கப்படுகிறது. பல பங்குகளில் ஆண்டு விழா அன்று மட்டும் 'ஆண்டறிக்கை' என்ற பெயரில் வேகமாக வாசிக்கப்பட்டு, கைதட்டலோடு முடிந்துவிடுகிறது. அந்த மடல் எதற்காக, அதில் என்ன இருக்க வேண்டும், அதைக் கேட்ட பிறகு நாம் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பகுதியில் சிந்திப்போம். இதை நாம் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. இந்தக் காரியத்தில் நாமே ஒருமுறை தவறியிருக்கிறோம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

பள்ளி யாருடையது?

நம் மறைமாவட்டங்களில் 'ஆர்.சி. தொடக்கப் பள்ளி' என்ற பெயர்ப்பலகையோடு நிற்கும் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியரின் ஊதியத்தை அரசு தருகிறது. கட்டடமும் நிர்வாகமும் திருச்சபையைச் சேர்ந்தவை. இந்த மானிய முறைக்கு வித்திட்டது 1854-இல் வெளிவந்த சார்லஸ் உட் கல்வி அறிக்கை. பல இடங்களில் பங்குத்தந்தையே தாளாளர். இதனால் பங்கு மக்கள் மனத்தில் ஒரு தவறான எண்ணம் வேரூன்றிவிட்டது. "சம்பளம் கவர்ன்மென்ட் கொடுக்குது, நிர்வாகத்த சாமியார் பாத்துக்கிறாரு, இதுல நமக்கு என்ன வேலை?" என்பதே அந்த எண்ணம்.

திருச்சபையின் போதனை வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று அது கற்பிக்கிறது. பள்ளி அவர்களுக்குத் துணை நிற்கிறதே தவிர, அவர்களுடைய இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆவது சட்டமும் பெற்றோரும் ஆசிரியரும் நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், ஆசிரியர் பெற்றோருக்கு மனமுவந்து செவிகொடுக்க வேண்டும் என்கிறது. பெற்றோருக்கு உண்மை தெரியாவிட்டால் இந்த ஒத்துழைப்பு எப்படி வரும்? தெரியாத குறையை எந்தத் தகப்பனாலும் சரிசெய்ய முடியாது. தெரியாத பசிக்கு எந்த அன்பியமும் சோறு போட முடியாது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் தொடக்கப் பள்ளிகளில் படிப்பவர்களில் கணிசமானோர் பிற சமயத்துப் பிள்ளைகள். வசதியுள்ள நம் பங்கு மக்கள் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கோயில் வளாகத்துப் பள்ளிக்கு வருவது பெரும்பாலும் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளே. அதற்காகப் பள்ளி நமக்கு அந்நியமாகிவிடாது. ஏழைகள், குடும்பத்தின் அரவணைப்பை இழந்தவர்கள், விசுவாசத்துக்கு வெளியே இருப்பவர்கள் ஆகியோரைக் கத்தோலிக்கப் பள்ளி சிறப்பாகப் பேண வேண்டும் என்று அதே சங்க அறிக்கை கேட்கிறது. அப்படியானால், நம் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் அந்த மடல் நமக்கும் எழுதப்பட்டதே.

நாம் அடித்துவிட்ட இரண்டு பத்திகள்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றினோம். கோயிலை ஒட்டி ஓட்டுக் கூரையிட்ட தொடக்கப் பள்ளி. அறுபதைச் சற்றே தாண்டிய பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். தலைமையாசிரியை ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'பெரிய டீச்சர்'.

கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள்! மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை, முதல் வகுப்பையே முழுதாகப் பார்க்காத பிள்ளை. இந்த நிலையில் 2022-ஆம் ஆண்டு தவக்காலத்தில் பெரிய டீச்சர் தம் மடலைக் கொண்டுவந்து நம்மிடம் கொடுத்தார். வழக்கமான செய்திகளோடு இரண்டு பத்திகள் புதிதாக இருந்தன.

முதல் பத்தி படிப்பைப் பற்றியது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கவில்லை. சிலருக்கு எழுத்தே மறந்துவிட்டது. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்க வைக்க ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டாம் பத்தி சத்துணவு நேரத்தைப் பற்றியது. பள்ளி திறந்த பிறகு மதியம் தட்டை ஏந்தி உட்காரும்போது இரண்டு தெருப் பிள்ளைகள் தனித்தனி வட்டமாக உட்காருகிறார்கள். முன்பு இப்படி இல்லை. வீட்டில் இருந்த மாதங்களில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். சாதியின் பெயரை அவர் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் புரியும்.

நாம் சிவப்புப் பேனாவை எடுத்தோம்.

"ஃபாதர், நான் எழுதுனது எதுவும் பொய்யில்லையே?" என்று கேட்டார்.

"பொய்யில்ல டீச்சர். ஆனா இது கோயில்ல வாசிக்கிற விஷயமா? அட்மிஷன் நேரம் வேற" என்றோம்.

நம் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். ஆகஸ்ட் முதல் நாள் நிலவரப்படி எண்ணிக்கை பார்க்கப்படும். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் உபரியாகிவிடும். உள்ளதை உள்ளபடி வாசித்தால் நாலு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும், ஒரு பணியிடம் போய்விடும் என்று கணக்குப் போட்டோம். இரண்டாம் பத்தியைப் பற்றி நாம் கணக்கே போடவில்லை. அதை வாசித்தால் ஊரில் சண்டை வரும் என்று மட்டும் நினைத்தோம்.

அந்த ஞாயிறு வாசிக்கப்பட்ட மடலில் கைகழுவும் தொட்டி கட்டியதும், குடியரசு நாள் விழா நடந்ததும், நன்கொடையாளர் பெயர்களும் இருந்தன. மக்கள் கைதட்டினார்கள். அடுத்த மாதம் முதல் பெரிய டீச்சரின் மடல் ஒரு பக்கமாகச் சுருங்கியது. எல்லாம் நலம், எல்லாம் சிறப்பு. நாம் அடித்தது இரண்டு பத்திகளை மட்டுமல்ல, உண்மையை எழுதும் அவருடைய துணிவையும்தான் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை.

ஒரு தாயின் கேள்வி

அந்த ஜூன் மாதம் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்புவதற்கான திட்டம் அது. பிள்ளைகளை வயதுப்படி மட்டும் பார்க்காமல், கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பது அதன் வழி. நல்ல வழிதான். ஆனால் 2022-23-இல் அது ஒன்று முதல் மூன்று வகுப்பு வரைதான் இருந்தது. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துப் போனவர்களுக்கு அது எட்டவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்த நேரம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். பிள்ளை பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்களாம், வாசிக்கத் தெரியவில்லையாம், பிள்ளைகள் சிரித்தார்களாம். ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகிறாள்.

அந்தத் தாய் நம்மிடம் சண்டை போடவில்லை. "சாமி, அஞ்சு வருசம் நம்ம பள்ளிக்கூடத்துலதான படிச்சா? அவளுக்கு வாசிக்கத் தெரியலன்னு ஒரு வார்த்தை யாரும் எங்கிட்ட சொல்லலியே. தெரிஞ்சிருந்தா நான் என்னமாச்சும் செஞ்சிருப்பேனே" என்று மட்டும் சொன்னார்.

நமக்குத் தெரிந்திருந்தது. ஆறு மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசையில் உட்காரும் அந்தத் தாயின் காதில் விழ வேண்டிய வாக்கியத்தை நாம்தான் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தோம்.

இங்கே பெற்றோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் தோல்வி என்று நிறுத்தி வைக்கப்படுவதில்லை. ஏழைப் பிள்ளை இடையில் நின்றுவிடக்கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு உள்ள ஏற்பாடு இது. ஆனால் 'பாஸ்' என்ற சொல்லை வைத்துப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று முடிவு கட்ட முடியாது. அதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது பள்ளியே. பள்ளி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஒரு புனிதரின் மடல்

அந்த நாள்களில் நாம் குருமடத்தில் படித்த ஒரு மடல் நினைவுக்கு வந்தது. 1884 மே 10 அன்று புனித தொன்போஸ்கோ உரோமையிலிருந்து, தூரின் நகரின் வால்தோக்கோ இல்லத்துக்கு எழுதியது. புகழ்பெற்ற நிறுவனம், உலகெங்கும் நற்பெயர். அவர் பாராட்டி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. முன்பு விளையாட்டுத் திடலில் பிள்ளைகளும் பெரியோரும் ஒன்றாகக் கலந்திருந்தார்கள், இப்போது பிள்ளைகள் சோர்ந்து ஒதுங்குகிறார்கள், பொறுப்பாளர்கள் அவர்களைவிட்டு விலகி நிற்கிறார்கள், நம்பிக்கை குளிர்ந்துவிட்டது என்று மனவேதனையோடு எழுதினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்பதை அவர்கள் உணர வேண்டும் என்பதே அதன் சாரம்.

அந்த மடலால் அவருடைய சபையின் பெயர் கெட்டுவிட்டதா? இல்லை. சலேசிய சபையினர் இன்றுவரை அதை ஒரு பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள். உண்மையைச் சொன்ன மடல் நூற்றாண்டு கடந்தும் வழிகாட்டுகிறது.

நாம் பெரிய டீச்சரைப் பார்க்கப் பள்ளிக்கே போனோம். தவறு நம்முடையது என்று சொன்னோம். "இனிமே நீங்க எழுதுறத நான் திருத்த மாட்டேன் டீச்சர்" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைங்க பேரு மட்டும் எப்பவும் வராது ஃபாதர், அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மடலில் இருக்க வேண்டியவை

அன்று முதல் அவர் எழுதிய மடல்களிலிருந்து நாம் கற்றுக்கொண்டவற்றை, மற்றப் பங்குகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. வருகை. எத்தனை பிள்ளைகள் பெயர்ப் பதிவேட்டில், எத்தனை பேர் நாள்தோறும் வகுப்பில் என்பது முதல் செய்தி. பெற்றோர் செங்கல் சூளைக்கோ வெளியூர்க் கட்டட வேலைக்கோ போகும்போது எத்தனை பிள்ளைகள் கூடவே போகிறார்கள், எத்தனை பேர் பாட்டி வீட்டில் தங்குகிறார்கள் என்பதும் இதில் அடங்கும்.

2. வாசிப்பும் கணக்கும். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை. "மூன்றாம் வகுப்பில் இத்தனை பேர் சிறு கதையைத் தாமாக வாசிக்கிறார்கள், இத்தனை பேர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், இத்தனை பேர் கடன் வாங்கிக் கழிக்கிறார்கள்" என்று சொன்னால் படிக்காத தாய்க்கும் புரியும். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். முன்னேற்றத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். அது ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பாராட்டு.

3. உணவும் நலமும். பிள்ளைகளின் பசியை நம் நாடு காலந்தோறும் கண்டிருக்கிறது. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. நம்மைப் போன்ற கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில்தான் வந்தது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. இடைப்பட்ட நாள்களில் ஒரு மாதம் பெரிய டீச்சர் எழுதினார்: பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் காலையில் பொங்கலும் கிச்சடியும் கொடுக்கிறார்கள், நம் பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு இறைவணக்கக் கூட்டத்தில் நிற்கிறார்கள், ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது, இரண்டு குடும்பங்கள் காலை உணவுக்காகவே பள்ளி மாற்றிவிட்டன. அந்தப் பெற்றோரை அவர் ஒரு சொல்லாலும் குறைகூறவில்லை.

4. பிள்ளைகளுக்குள் உள்ள உறவு. யார் யாரோடு விளையாடுகிறார்கள், யார் தனியாக நிற்கிறார்கள், தட்டு ஏந்தும்போது எப்படி உட்காருகிறார்கள் என்பவை எந்த அரசுப் படிவத்திலும் இல்லாத தகவல்கள். ஆனால் கிறிஸ்தவப் பள்ளி என்ற பெயருக்கு நாம் தகுதியுள்ளவர்களா என்பதை இவைதான் காட்டுகின்றன.

5. தேவை. மடல் பொதுவான வேண்டுகோளோடு முடியக்கூடாது. "தாராளமாக உதவுங்கள்" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை வாரம் இரு நாள் பிள்ளைகளோடு உட்கார நான்கு பேர் வேண்டும்" என்றால் அடுத்த நாளே இருவர் வருவார்கள்.

மடலில் எழுதக் கூடாதவையும் உண்டு. எந்தப் பிள்ளையின் பெயரும் வரக்கூடாது. யாரென்று ஊர் கண்டுகொள்ளும்படியான குறிப்பும் வரக்கூடாது. தனிப்பட்ட குறையை அந்தப் பெற்றோரிடம் மட்டும், நேரில், தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியரின் குறையைப் பீடத்தின் முன் வாசிக்கக் கூடாது. உண்மை சொல்வதற்கும் ஒருவரை அவமானப்படுத்துவதற்கும் இடையில் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டாமல் எழுதத் தெரிந்தவரே நல்ல தலைமையாசிரியர்.

மடலைக் கேட்ட பங்கு

அடுத்த மாதமே, முன்பு அடிக்கப்பட்ட இரண்டு பத்திகளும் புதிய விவரங்களோடு கோயிலில் வாசிக்கப்பட்டன. அன்று கைதட்டல் இல்லை. திருப்பலி முடிந்தும் மக்கள் கலையாமல் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரும் இளையோர் இயக்கத்துப் பெண்கள் மூவரும் மாலை வாசிப்புக்கு முன்வந்தார்கள். ஆறாம் வகுப்புப் போன அந்தச் சிறுமியும் வந்து உட்கார்ந்தாள். வின்சென்ட் தே பவுல் சபையினர் காலையில் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அரசின் காலை உணவு வரும்வரை அது நடந்தது. சத்துணவு நேரத்தில் பெரிய டீச்சர் ஒரு சின்ன மாற்றம் செய்தார். அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பில் எப்படி உட்காருகிறார்களோ அப்படியே சாப்பிடவும் உட்கார வைத்தார். ஆசிரியர்களும் தட்டோடு அந்த வட்டங்களில் உட்கார்ந்தார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னால் அதுவும் நாம் திருத்திய மடல் போலாகிவிடும். இரண்டாம் பத்தியைக் கேட்டுக் கோபப்பட்டு ஒருவர் தம் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். வீடு தேடிப் போய்ப் பேசினோம்; அவர் மனம் மாறவில்லை. மூன்றாவது பணியிடம் ஓராண்டு தப்பியது. அடுத்த ஆண்டு எண்ணிக்கை அறுபதுக்குக் கீழே இறங்கியது. ஒரு பணியிடம் உபரியானது. பங்குப் பேரவை கூடி, திருவிழா வாணவேடிக்கைச் செலவைக் குறைத்து, அந்தத் தொகையில் ஓர் இளம் ஆசிரியையை நியமித்தது. வாணவேடிக்கை குறைந்ததைப் பற்றி இன்றும் அந்த ஊரில் சிலர் நம்மைக் குறை சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று மாறியது. "பள்ளிக்கூடம் சாமியாரோடது" என்று சொன்னவர்கள் "நம்ம பள்ளிக்கூடம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். எந்தக் குறை நம்முடையது என்று தெரிகிறதோ அந்தப் பள்ளிதான் நம்முடையதாகிறது.

ஐந்து அப்பங்களின் கணக்கு

மாற்கு நற்செய்தியின் அதே பகுதிக்கு மீண்டும் வருவோம். திருத்தூதர்கள் கணக்குச் சொன்ன அதே நாளில்தான் ஆண்டவர் மக்கள் திரளைக் கண்டு மனமிரங்கினார். முதலில் அவர்களுக்குக் கற்பித்தார். பிறகு அவர்கள் பசியைப் பார்த்தார். கற்பிப்பதும் உணவளிப்பதும் அவருக்கு இரண்டு வேலைகள் அல்ல. நம் பள்ளிகளில் கரும்பலகையும் சத்துணவுக் கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பதும் அதனால்தான் பொருத்தமாகிறது.

அற்புதம் செய்யும் முன் ஆண்டவர் ஒன்று கேட்டார். கையில் உள்ளது எவ்வளவு என்று பார்த்து வரச் சொன்னார் (மாற் 6:38). சீடர்கள் பார்த்து வந்து, ஐந்து அப்பம், இரண்டு மீன் என்று உள்ளதைச் சொன்னார்கள். ஐயாயிரம் பேருக்கு முன்னால் அது வெட்கப்பட வேண்டிய கணக்கு. கூட்டிச் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் மறைத்திருக்கலாம். அவர்கள் மறைக்கவில்லை. சிறியதாக இருந்தாலும் உண்மையாக இருந்த அந்தக் கணக்கைத்தான் ஆண்டவர் கையில் எடுத்து ஆசீர்வதித்தார். நாம் மறைத்து வைக்கும் கணக்கை அவர் கையில் எப்படிக் கொடுப்பது?

எனவே அன்பார்ந்த பங்கு மக்களே, அடுத்த முறை உங்கள் பங்குப் பள்ளியின் தலைமையாசிரியர் மடல் வாசிக்கும்போது நேரமாகிறதே என்று எழுந்து போய்விடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். எல்லாம் சிறப்பு என்று மட்டும் அதில் இருந்தால், அன்போடு கேள்வி கேளுங்கள். குறை சொல்லப்பட்டிருந்தால், சொன்னவரைக் குறை கூறாதீர்கள். முதலில் நன்றி கூறுங்கள். தாளாளர்களாக இருக்கும் உடன் அருள்பணியாளர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: சிவப்புப் பேனாவைக் கீழே வையுங்கள்.

சிந்திக்க

நம் பங்குப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது அந்தப் பள்ளிக்குள் நுழைந்தோம்? நம் வீட்டில் பேசும் எந்தப் பேச்சு நாளை அந்தச் சத்துணவு வட்டத்தில் போய் உட்காரும்?

செபிப்போம்

குழந்தைகளை அருகில் அழைத்து ஆசீர்வதித்த ஆண்டவரே, எங்கள் பள்ளிகளில் உழைக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உண்மையைச் சொல்லும் துணிவைத் தாரும். அதைக் கேட்கும் மனத்தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் கையில் உள்ள சிறியதை மறைக்காமல் உம்மிடம் கொண்டுவர எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.